பாதி வேலையில் ஏறும் கொட்டேஷன்: பழைய வீட்டைப் புதுப்பிப்பவர் என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தாம்பரம் பக்கத்தில் 30 ஆண்டுகளுக்கு முன் கட்டிய தரைத்தள வீடு. இரண்டு குளியலறைகள், சமையலறை, மொட்டை மாடித் தளம், வீடு முழுவதும் வயரிங், பெயிண்ட் ஆகியவற்றைப் புதுப்பிக்க கான்ட்ராக்டர் முதலில் வாய்வார்த்தையாக 6 லட்சம் என்றார். பிறகு ஒரு பக்கத் தாளில் 7.2 லட்சம் என்று எழுதிக் கொடுத்தார். குளியலறைகளையும் சமையலறையையும் இடித்துப் போட்டு, உங்களிடமிருந்து 5 லட்சம் வாங்கிய பிறகு, இப்போது 10.5 லட்சம் ஆகும் என்கிறார். கம்பி துருப்பிடித்திருக்கிறது, டைல்ஸ் அதிகமாகப் பிடிக்கிறது, வயரிங் பாயிண்ட் கூடிவிட்டது, சிமென்ட் விலை ஏறிவிட்டது என்று நான்கு காரணங்களைச் சொல்கிறார். அவரை வைத்துத் தொடர்வதா, ஆளை மாற்றுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் ஏமாற்றுகிறார் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். அவர் சொல்வதை அப்படியே ஏற்கவும் வேண்டாம். நீங்கள் இணைத்திருக்கும் தாளில் 'பாத்ரூம் வேலை முழுவதும்', 'மாடித் தளம் முழுவதும்' என்று ஐந்து வரிகளும் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகையும்தான் இருக்கின்றன. எத்தனை சதுரடி, சதுரடிக்கு என்ன ரேட், எந்தப் பொருள், எதுவரை என்ற விவரம் ஒன்றுகூட இல்லை. அளவு இல்லாத தொகையை விலை என்று சொல்ல முடியாது. அது அவருடைய ஊகம். 7.2 லட்சம் எதற்கு என்று இருவரும் ஒப்புக்கொள்ளவே இல்லை என்பதால்தான், 10.5 லட்சம் நியாயமா அநியாயமா என்று இப்போது உங்களாலும் சொல்ல முடியவில்லை, உண்மையில் அவராலும் சொல்ல முடியாது. ஆகவே பேரம் பேசுவதற்கு முன் அந்த ஊகத்தை அளவாக மாற்றியாக வேண்டும். அவர் சொன்ன நான்கு காரணங்களையும் அப்படி மாற்றிப் பார்த்தாலே, எது உண்மையான கூடுதல், எது அவருடைய கவனக்குறைவு, எது வெறும் சாக்கு என்பது பெருமளவு பிரிந்துவிடும்.

டைல்ஸில் தொடங்கலாம், சச்சரவு அதிகம் வருவது அங்கேதான். 8க்கு 5 அடியுள்ள ஒரு குளியலறையை எடுத்துக்கொள்ளுங்கள். தரை 40 சதுரடி. சுவரில் 7 அடி உயரம் வரை ஒட்டினால், சுற்றளவு 26 அடி என்பதால் 182 சதுரடி; இரண்டரைக்கு ஏழு அடிக் கதவுக்கு 17.5 சதுரடியைக் கழித்தால் 164.5. தரையையும் சேர்த்தால் ஏறத்தாழ 205 சதுரடி. வெட்டுச் சேதாரத்துக்கு நூற்றுக்குப் பத்து சேர்த்தால் 225 சதுரடி வாங்க வேண்டும். அதே அறையில் கூரை வரை, அதாவது 10 அடி உயரத்துக்கு ஒட்டச் சொன்னால் ஒட்டும் பரப்பு 282 சதுரடி ஆகிறது. 'ஏழடியா, கூரை வரையா' என்ற ஒரே கேள்வியில் டைல்ஸும் கூலியும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகின்றன, உங்களுக்கோ இரண்டு குளியலறைகள். கூரை வரை ஒட்டச் சொன்னது நீங்கள் என்றால் அந்தக் கூடுதல் தொகை உங்களுடையது. முதலிலிருந்தே அப்படித்தான் பேச்சு என்றால் அவருடையது. யார் எப்போது சொன்னார் என்பதற்கு வாட்ஸ்அப்பில் ஏதேனும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

டைல்ஸில் இன்னும் இரண்டு இடங்களில் பணம் ஒளிந்திருக்கும். ஒன்று, அடிப்படை விலை. 'டைல்ஸ் சதுரடிக்கு 50 ரூபாய் வரை' என்று கான்ட்ராக்டர் மனத்தில் வைத்துக் கணக்கிட்டிருப்பார். நீங்கள் கடைக்குப் போய் 85 ரூபாய் டைல்ஸைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அந்த 35 ரூபாய் வித்தியாசத்தைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு, ஆனால் அடிப்படை விலை 50 என்று அவர் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மற்றொன்று, ரன்னிங் அடிக் கணக்கில், அதாவது நீளத்தை மட்டும் அளந்து, கூலி கேட்கப்படும் சில்லறை வேலைகள்: மூலைகளில் 45 டிகிரி வெட்டு, ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை), கிரானைட் விளிம்பை உருட்டி மழுக்கும் மோல்டிங். இவை சதுரடிக் கூலிக்குள் அடங்காது என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரியும், வீட்டுக்காரரைத் தவிர.

துருப்பிடித்த கம்பி உண்மையான காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 30 ஆண்டு பழைய கூரையில், குறிப்பாகத் தண்ணீர் கசியும் குளியலறை, சமையலறைப் பக்கங்களில், கான்கிரீட்டுக்குள் ஈரமும் காற்றும் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும்; துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் அடிப்பக்கக் கான்கிரீட்டைத் தள்ளிப் பெயர்த்துவிடும். மேலே பூச்சு இருக்கும்வரை இது முழுமையாகத் தெரியாது. ஆனால் முற்றிலும் தெரியாது என்றும் சொல்ல முடியாது: சிறு சுத்தியலால் கூரையைத் தட்டிப் பார்த்தால் கெட்டியான இடத்தில் ஒரு சத்தமும், பெயர்ந்து நிற்கும் இடத்தில் பொள்ளென்று வேறு சத்தமும் வரும். கொட்டேஷன் கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் இதைச் செய்திருக்க வேண்டியவர் கான்ட்ராக்டர். அவர் செய்யவில்லை என்பதற்காக வேலையைத் தவிர்க்கவும் முடியாது. இங்கே நீங்கள் பார்க்க வேண்டியது அளவின் எல்லையை. சமையலறைக் கூரை 10க்கு 8 அடி என்றால், முழுக் கூரையும் கெட்டுப்போயிருந்தாலும் 80 சதுரடிக்கு மேல் போகாது. பெயர்ந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு இருவரும் சேர்ந்து அளந்து, சதுரடி ரேட்டில் பேசுங்கள். ரேட்டுக்குள் என்னென்ன அடங்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள்: கெட்டியான கான்கிரீட் வரும்வரை கொத்துவது, கம்பியைத் துரு போகத் தேய்ப்பது, இளைத்துப்போன கம்பிக்குத் துணைக்கம்பி கட்டுவது, துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பாலிமர் கலந்த கலவை. வெறும் சிமென்ட் கலவையை அப்பிவிட்டுப் போனால் சில ஆண்டுகளில் அது மறுபடியும் தலையில் விழும். கம்பிகள் பாதியாக இளைத்திருந்தால் கான்ட்ராக்டரின் கருத்தையும் என் கருத்தையும் விட்டுவிட்டு, கட்டடத்தின் வலுவைக் கணிக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரைக் கட்டணம் கொடுத்து அழைத்துக் காட்டுங்கள்.

வயரிங் பாயிண்ட் விஷயத்தில் தகராறு எண்ணிக்கையில் இருப்பதைவிட எண்ணும் முறையில்தான் இருக்கும். ஒரே சுவிட்ச் போர்டில் லைட், ஃபேன், பிளக் மூன்றும் இருந்தால் சிலர் அதை மூன்று பாயிண்ட் என்பார்கள், சிலர் போர்டோடு இருக்கும் பிளக்கை அரைப் பாயிண்டாகவோ கணக்கில் சேராததாகவோ கொள்வார்கள். ஏசிக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் டிபியிலிருந்து (வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) தனி லைன் இழுப்பதும், மீட்டரிலிருந்து டிபிக்கு வரும் மெயின் கேபிளும், எர்த் குழியும் பாயிண்ட் கணக்கில் வராமல் தனியாகக் கேட்கப்படுபவை. அறை அறையாக நடந்து, சுவரில் குறியிட்டு, ஒரு தாளில் பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திட்டால் இந்தக் காரணம் ஒரே மாலையில் தீர்ந்துவிடும்.

நான்காவது காரணமான சிமென்ட் விலை, என் பார்வையில், சாக்கு. இந்த அளவு வேலைக்கு 150 மூட்டை பிடிக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டு, மூட்டைக்கு 40 ரூபாய் ஏறியதாகக் கணக்கிட்டாலும் மொத்தம் 6,000 ரூபாய்தான். 3.3 லட்ச வித்தியாசத்தில் அது கண்ணுக்கே தெரியாது. மேலும் சிமென்ட்டுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆகவே விலை ஏறியதாகச் சொல்பவரிடம் கொட்டேஷன் கொடுத்த மாதத்துப் பில்லையும் இந்த மாதத்துப் பில்லையும் கேட்பதில் தவறே இல்லை. சில மாதங்களில் முடியும் வீட்டு வேலைக்கு விலையேற்றத்தைச் சுமக்க வேண்டியவர் பொதுவாகக் கான்ட்ராக்டர்தான்.

அவர் இன்னும் சொல்லாத, ஆனால் சொல்லப்போகும் ஐந்தாவது காரணம் ஒன்றும் உண்டு: இடிபாடு. உங்கள் மொட்டை மாடி 800 சதுரடி என்றும், பழைய தட்டோடும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளமும் சேர்ந்து 4 அங்குல கனம் என்றும் கொண்டால், அது சுமார் 267 கன அடி. கொத்திப் போட்டதும் பொலபொலத்து ஒன்றரை மடங்கு வரை பெருகும் என்பதால் 400 கன அடி, அதாவது 4 யூனிட் இடிபாட்டை மாடியிலிருந்து இறக்கி, வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். இறக்குகூலி, ஏற்றுகூலி, வண்டி வாடகை ஆகியவை உங்கள் தாளில் எங்கும் இல்லை. அதேபோல் 'ஜிஎஸ்டி தனி' என்ற வரியும் இல்லை. பதிவு பெற்ற கான்ட்ராக்டர் பொருளோடு சேர்த்துச் செய்யும் இவ்வகை வேலைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 7.2 லட்சத்துக்கு அதுவே 1,29,600 ரூபாய். 10.5 லட்சத்தில் இது அடங்குமா என்று இப்போதே கேளுங்கள். பதிவு பெறாதவர் உங்களிடம் ஜிஎஸ்டி என்று எதையும் வசூலிக்க முடியாது.

இனி, இந்த வாரம் செய்ய வேண்டியது. புதிதாக எதையும் இடிக்க வேண்டாம், புதிதாகப் பணமும் கொடுக்க வேண்டாம் என்று பணிவாக, ஆனால் எழுத்தில் சொல்லுங்கள். மழை இறங்கும் இடத்தை மூடுவது, திறந்து கிடக்கும் மின்கம்பிகளைப் பாதுகாப்பாகக் கட்டுவது போன்றவை மட்டும் நடக்கட்டும். பிறகு ஒரு நாள் அவரையும் அழைத்து, முடிந்தால் வெளியாளான சிவில் இன்ஜினியர் ஒருவரையும் வைத்துக்கொண்டு, வீட்டை டேப் வைத்து அளந்து மூன்று கணக்குகளாக எழுதுங்கள்: முதல் தாளில் இருந்த வேலை, நீங்கள் பிறகு கேட்ட வேலை, இடித்த பிறகே தெரிந்த வேலை. முதல் கணக்கில் அவர் 7.2 லட்சத்துக்குள் நிற்க வேண்டும். தன்னுடைய கணக்குத் தவறியதற்கு உங்களிடம் பணம் கேட்க முடியாது. இரண்டாவதற்கு நீங்கள் கொடுத்தாக வேண்டும். மூன்றாவதுதான் பேச்சுவார்த்தைக்கு உரியது. இதோடு, இதுவரை முடிந்த வேலையின் மதிப்பு எவ்வளவு என்றும் கணக்கிடுங்கள். நீங்கள் 5 லட்சம் கொடுத்திருக்கிறீர்கள். இடித்ததும், குழாய்க்குக் காடி வெட்டியதும், கொஞ்சம் பொருள் இறக்கியதும் சேர்ந்து இரண்டு லட்சத்தைத் தாண்டவில்லை என்றால், உங்கள் பணம் அவருடைய வேறொரு சைட்டில் சனிக்கிழமைக் கூலியாகப் போயிருக்கிறது என்று பொருள். ஆளை மாற்றலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லப்போவது இந்த எண்தான்.

ஆளை மாற்றுவதற்கும் விலை உண்டு. இன்னொருவர் பாதியில் விட்ட வேலையை எடுப்பவர் கூடுதலாகக் கேட்பார். பழைய ஆள் பதித்த குழாய்க்கோ நீர்க்கசிவுக்கோ பொறுப்பேற்க மாட்டார். ஆகவே, அளப்பதற்கு ஒத்துழைக்கிற, கணக்குக் காட்டுகிற கான்ட்ராக்டரை, முதலில் தப்பாக ஊகித்தவர் என்பதற்காக மட்டும் அனுப்ப வேண்டாம் என்பது என் எண்ணம். அளக்கவே வரமாட்டேன், மொத்தமாக இவ்வளவு கொடுத்தால் கொடு என்பவரோடு இன்னொரு செங்கல்லைக்கூட எழுப்பக் கூடாது.

அளக்கும்போது ஒரு சிறு சண்டை வரும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பூச்சு வேலையில் கதவு, ஜன்னல் இடத்தை ஏன் முழுதாகக் கழிக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 1200இன்படி, அரை சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்புகளைக் கழிப்பதில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, சுவரின் இருபுறமும் பூசினால், ஒரு பக்கம் மட்டும் கழிப்பார்கள், ஏனெனில் திறப்பின் உள்விளிம்புகளையும் பூச வேண்டியிருக்கிறது. மூன்றுக்கு ஏழு அடிக் கதவு சுமார் 2 சதுர மீட்டர் என்பதால் இந்த விதிக்குள் வரும். இதில் மட்டும் அவரைத் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள்.

மீதி வேலைக்குப் புதிய தாள் எழுதும்போது எல்லாவற்றையும் ஒரே மொத்தத் தொகையில் அடைக்க முயல வேண்டாம். மொத்தத் தொகை பாதுகாப்பு என்று வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். பழைய வீட்டு வேலையில் அது நேர்மாறாகவே முடியும். உள்ளே என்ன இருக்கிறதோ என்ற பயத்துக்கும் சேர்த்து நேர்மையான கான்ட்ராக்டர் கூட்டிக் கேட்பார், மற்றவர் வேலையைப் பிடிப்பதற்காகக் குறைத்துச் சொல்லிவிட்டுப் பாதியில் ஏற்றுவார். அளக்க முடிந்த வேலைக்குச் சதுரடி ரேட் அல்லது ரன்னிங் அடி ரேட். எல்லை தெளிவாக இருக்கும் வேலைக்கு, உதாரணமாக ஒரு கதவை மாற்றுவதற்கு, மொத்தத் தொகை. திறந்து பார்த்தால்தான் தெரியும் என்ற வேலைக்குக் கொத்தனார், சித்தாள் நாள்கூலியும் பொருள் பில்லும், அதற்கு ஓர் உச்சவரம்பும் என்று மூன்றாகப் பிரியுங்கள். நாள்கூலி வேலைக்கு அன்றன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று மாலையில் ஒரு குறிப்பு போதும். வேலைகளை எப்படி விவரித்து எழுதுவது என்று தெரியவில்லை என்றால், பொதுப்பணித்துறையின் ரேட் பட்டியலைப் பாருங்கள். அதிலுள்ள விலைகள் உங்களுடையதைப் போன்ற சிறிய வேலைக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் கலவை விகிதம், கனம், எது அடங்கும் என்று ஒவ்வொரு வேலையையும் விவரித்திருக்கும் முறை பொருந்தும்.

இன்னும் இரண்டு பேரிடம் விலை கேட்டுப் பார்ப்பதாக இருந்தால், இதே அளவுப் பட்டியலை மூவருக்கும் கொடுத்து ரேட் பத்தியை மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். கிடைத்தவுடன் மொத்தத்தைப் பார்க்காமல் வரிவரியாகப் பாருங்கள். ஆரம்பத்திலேயே முடிந்துவிடும் இடிப்பு வேலைக்கு ஒருவர் மட்டும் மிக அதிகமாகவும், கடைசியில் வரும் பெயிண்ட்டுக்கு மிகக் குறைவாகவும் போட்டிருந்தால், அவர் பணத்தை முன்னால் வாங்கிக்கொண்டு பின்னால் வேலையை இழுப்பார் என்று எதிர்பார்க்கலாம். அளவு கூடப்போகிறது என்று அவருக்குத் தெரிந்த வேலைக்கு ரேட்டை உயர்த்தி, கூடாத வேலைக்குக் குறைத்து, மொத்தத்தை மட்டும் தாழ்வாகக் காட்டுவது இன்னொரு பழைய கைவரிசை. அதே சமயம் அடிமாட்டு விலைக்கு இறங்கி வா என்று நெருக்காதீர்கள். மத்தியப் பொதுப்பணித்துறையின் விலைப் பகுப்பாய்விலேயே கான்ட்ராக்டரின் லாபத்துக்கும் மேற்செலவுக்குமாக 15 சதவீதம் ஒதுக்குகிறார்கள். அதைக் கொடுக்க மறுத்தால், அவர் அதைச் சிமென்ட்டில் எடுத்துக்கொள்வார்.

பணம் கொடுப்பதில் விதி எளிது: முடிந்து அளந்த வேலைக்கு மட்டும், அதுவும் வங்கி வழியாக. வருமானவரிச் சட்டப்படி ஒரே வேலைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது தடை செய்யப்பட்டது, அபராதம் விதிக்கப்படுவது பணத்தை வாங்கியவருக்கு. எனவே வங்கி வழியை வற்புறுத்த உங்களுக்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. மொட்டை மாடி வேலையின் தொகையில் பத்து சதவீதத்தையாவது வடகிழக்குப் பருவமழை முடியும்வரை, அதாவது டிசம்பர் இறுதிவரை நிறுத்தி வைப்பதாகத் தாளிலேயே எழுதுங்கள். தண்ணீர் வடியும் சரிவு (வாட்டம்) சரியாக இருக்கிறதா, கசிவு நின்றதா என்பதை ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் காட்டும்.

கூடுதல் வேலை எதுவாயினும், என்ன வேலை, எத்தனை சதுரடி, என்ன ரேட், மொத்தம் எவ்வளவு என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், நீங்கள் 'சம்மதம்' என்று பதில் அனுப்பிய பிறகே தொடங்க வேண்டும். 'எழுதித் தரவில்லை, ஆகவே கொடுக்க வேண்டியதில்லை' என்று நினைத்துக்கொண்டு அவர் கூடுதலாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் சட்டப்படி செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. வேண்டாத வேலையை வேண்டாம் என்று அன்றே எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

அளக்க வராமல், பணத்தையும் திருப்பாமல் அவர் விலகிவிட்டால், முடிந்த வேலையின் மதிப்பை இன்ஜினியர் ஒருவரிடம் அறிக்கையாக வாங்கி, புகைப்படங்களோடு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புங்கள். காவல்நிலையத்தில் இதைப் பெரும்பாலும் சிவில் தகராறு என்றுதான் சொல்வார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் நீங்கள் போக வேண்டியது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு. 5 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம். ஆணையத்தில் கேட்கப்படுவது அந்த ஒரு பக்கத் தாளும், வங்கிப் பரிமாற்ற விவரமும், வாட்ஸ்அப் உரையாடலும்தான். ஆகவே கைப்பேசியை மாற்றுவதாக இருந்தால் அந்த உரையாடலை முதலில் முழுதாகச் சேமித்துவிட்டு மாற்றுங்கள்.